குழம்புக்குள் எண்ணி வைத்த துண்டுகள்: நைஜீரியக் குடும்பங்களில் இறைச்சியின் இடம்

நைஜீரியச் சமையலைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தக்காளி விழுதில் வேகும் ஜொல்லோஃப் சோற்றிலோ தெருவோரம் சுட்டு விற்கும் சுயா இறைச்சியிலோ தொடங்குகிறார்கள். இரண்டும் தம் புகழுக்குத் தகுதியானவைதாம். ஆனால் அந்நாட்டுக் குடும்ப வாழ்வில் இறைச்சி என்ன இடம் வகிக்கிறது என்று அறிய விரும்புபவர், சாதாரணமான ஒரு நாளில் வீட்டில் பரிமாறப்படும் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் கிழங்கையோ தானியத்தையோ களியாகக் கிளறி உருட்டிய ஒரு பெரிய உருண்டை இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கெட்டியான குழம்பும், அந்தக் குழம்புக்குள் ஒன்றோ இரண்டோ இறைச்சித் துண்டுகளும் இருக்கும். அந்தத் துண்டுகளின் எண்ணிக்கையும் அளவும் தற்செயலாக அமைந்தவை அல்ல. சமைத்தவர் அவற்றைப் பானையிலேயே எண்ணி வைத்திருப்பார். யாருக்கு எந்தத் துண்டு என்பது வயது, உறவு, விருந்தினர் வருகை ஆகியவற்றை ஒட்டி முடிவாகியிருக்கும்.

ஆகவே நைஜீரிய இறைச்சிச் சமையலைப் புரிந்துகொள்வதற்குச் செய்முறையைவிடப் பங்கீட்டை அறிந்துகொள்வதே நல்ல வழி என்பது என் கருத்து. செய்முறைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகின்றன. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்களும் 250க்கு மேற்பட்ட இனக்குழுக்களும் வாழும் ஒரு நாட்டில் அது இயல்பே. வடக்கே ஹவுசா, ஃபுலானி மக்களும், தென்மேற்கே யொரூபா மக்களும், தென்கிழக்கே இக்போ மக்களும் பெரும்பான்மையினராக வாழ்கிறார்கள். இஸ்லாமும் கிறித்தவமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கின்றன. இத்தனை வேறுபாடுகளுக்கு இடையிலும், இறைச்சியை எண்ணிப் பங்கு வைப்பதும், பங்கின் வழியாக ஒருவருடைய இடத்தைத் தெரிவிப்பதும் வடக்கு தெற்கு என்ற பேதமின்றி எங்கும் காணப்படுகின்றன.

முதலில் உணவின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். களி உருண்டைக்கு நைஜீரிய ஆங்கிலத்தில் சுவாலோ என்று பெயர். யாம் எனப்படும் பெருவள்ளிக் கிழங்கை வேகவைத்து உரலில் இடித்தால் கிடைப்பது ஒரு வகை. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த காரி மாவைக் கொதிநீரில் கிளறினால் எபா. உலர்ந்த கிழங்கு மாவில் செய்யும் கரிய நிற அமலா யொரூபா மக்களுக்கு உரியது. வடக்கில் அரிசியிலோ சோளத்திலோ துவோ செய்கிறார்கள். இவற்றை வலது கையால் சிறிது கிள்ளி, உருட்டி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து விழுங்குகிறார்கள். தொட்டுக்கொள்ளும் குழம்பைச் சூப் என்றே அழைத்தாலும், அது தட்டில் ஓடாத அளவுக்குக் கெட்டியானது. தர்பூசணி இனத்துக் கொடி ஒன்றின் விதையை அரைத்துச் செய்யும் எகுசி, கீரையும் குடமிளகாய் விழுதும் சேர்ந்த எஃபோ ரிரோ, கசப்புக் கீரையில் செய்யும் ஓஃபே ஒனுக்பு, நம்மூரில் பெருக்கமரம் எனப்படும் பாவோபாப் மரத்தின் காய்ந்த இலைப்பொடியில் செய்யும் மியான் கூக்கா என்று வகைகள் பல உண்டு. காலபார் பகுதியில் எஃபிக் மக்கள் சமைக்கும் எடிகாங் இகோங் இவற்றில் செலவு மிக்கது. இரண்டு வகைக் கீரைகளைக் கட்டுக் கட்டாகப் போட்டு, தண்ணீரே ஊற்றாமல், இறைச்சியும் மீனும் நிறையச் சேர்த்துச் செய்வது.

இந்தக் குழம்புகளில் மாட்டிறைச்சியும் கருவாடும் ஒரே பானையில் வேகும். காய்ந்த கூனிறால் பொடியும், புளிக்கவைத்த மரவிதையான இருவும், நார்வேயிலிருந்து வரும் காய்ந்த காட் மீனும் அதே குழம்பில் சேரும். கறியும் மீனும் கலக்கலாமா என்ற தயக்கம் அங்கே கிடையாது. சொல்லப்போனால், இறைச்சி குறைவாக இருக்கும் வீட்டில் குழம்புக்குக் கனம் கொடுப்பவை இந்தக் கருவாட்டு வகைகளும் புளித்த விதைகளுமே. இறைச்சியை இவற்றோடு பிணைத்துப் பார்க்காமல் தனியே எடுத்து மதிப்பிட்டால், நைஜீரியச் சமையலறையின் திறமை கண்ணில் படாமலே போய்விடும்.

இனி அடுப்படிக்கு வருவோம். எந்தக் குழம்பாக இருந்தாலும், எந்த இறைச்சியாக இருந்தாலும், முதல் வேலை அதைத் தனியே வேகவைப்பதுதான். கழுவிய துண்டுகளைப் பானையில் போட்டு, நறுக்கிய வெங்காயம், உப்பு, மிளகாய், ஒன்றிரண்டு மேகி அல்லது க்னோர் சுவையூட்டும் கட்டிகள் ஆகியவற்றோடு காய்ந்த தைம் இலையும் கறிப்பொடியும் தூவி, மூடி வைப்பார்கள். கறிப்பொடி பிரிட்டிஷ் ஆட்சியின் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த இந்தியச் சரக்கு. இன்று அது மஞ்சள் நிறம் தூக்கலான, காரம் குறைந்த ஒரு பொடியாக மாறி, நைஜீரிய வீட்டு அலமாரியில் நிரந்தர இடம் பெற்றிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தொடக்கத்தில் தண்ணீர் ஊற்றுவதில்லை. மிதமான சூட்டில் இறைச்சி தன் நீரை விடும். அந்த நீர் வற்றி, மசாலா துண்டுகளில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்க்கிறார்கள். வெந்து முடிந்ததும் அடியில் மிஞ்சும் சாறு மிகவும் மதிப்புள்ளது. ஜொல்லோஃப் சோறு அதில்தான் வேகிறது. குழம்பும் அதைக் கொண்டே இளக்கப்படுகிறது. இறைச்சித் துண்டு யாருக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதன் சாறு எல்லாருடைய தட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வெந்த துண்டுகளை அடுத்துப் பொரிப்பது வழக்கம். எண்ணெயில் இட்டு, வெளிப்புறம் பழுப்பேறி இறுகும்வரை பொரித்து எடுத்துவிட்டு, தக்காளி, தட்டாஷே எனப்படும் பெரிய சிவப்பு மிளகாய், ரோடோ எனப்படும் குண்டான காரமிளகாய், வெங்காயம் நான்கையும் அரைத்த விழுதை அந்த எண்ணெயில் வதக்குவார்கள். விழுதின் புளிப்பும் நீரும் போய் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சைத் தக்காளியின் புளிப்பு நாக்கில் நிற்கும். கடைசியில் பொரித்த துண்டுகளை உள்ளே போட்டால் ஸ்டியூ தயார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சோற்றுக்கு இதுதான் துணை.

இப்படி இரண்டு முறை சமைப்பதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. மின்சாரம் நாள் முழுதும் நிலைக்காத ஊர்களில், குளிர்பதனப் பெட்டி இருந்தாலும் அதை நம்பி இறைச்சியை வைக்க முடியாது. வாரக் கடைசியில் ஒரு பெரிய பானை சமைத்துவிட்டு, காலையும் இரவும் அதைக் கொதிக்கவைத்துக் கெடாமல் காப்பது பழைய வழக்கம். நன்கு வெந்து பொரிந்த துண்டுதான் அத்தனை கொதிப்புகளையும் உடையாமல் தாங்கும். எடுக்க எடுக்கப் பானையில் எத்தனை துண்டுகள் மிச்சம் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால், மறுமுறை கொதிக்கவைக்கும்போது கணக்கு இடிக்கும். பானையிலிருந்து கறி திருடி மாட்டிக்கொண்ட கதை இல்லாத நைஜீரியக் குழந்தைப் பருவம் அரிது. பெரியவர்களானபின் சகோதரர்கள் கூடும்போது அந்தக் கதைகள்தான் முதலில் வெளியே வரும்.

இறைச்சி பஞ்சுபோல மென்மையாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அங்கே குறைவு. கடித்து, இழுத்து, மென்று, எலும்பை உடைத்து உள்ளிருக்கும் மச்சையை உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் இறைச்சி சாப்பிட்ட நிறைவு. கோழியிலும் இதே விருப்பம்தான். கறிக்காகவே ஆறேழு வாரம் வளர்த்த பிராய்லரைவிட, முட்டையிட்டு ஓய்ந்த வயதான பண்ணைக்கோழியையும் ஊர்க்கோழியையும் பலர் தேடி வாங்குகிறார்கள். உள்நாட்டுப் பண்ணைகளைக் காக்க 2003இல் நைஜீரிய அரசு கோழியிறைச்சி இறக்குமதியைத் தடை செய்தது. அதன் பிறகும் உறைகோழி எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தாலும், கொதிக்கக் கொதிக்கக் குலைந்துபோகும் அந்தக் கறியைக் குழம்புக்கு ஏற்றதாக அம்மாக்கள் கருதுவதில்லை.

மெல்லும் சுவையை வைத்துத்தான் உள்ளுறுப்புகளுக்கும் தோலுக்கும் அங்கே இருக்கும் மதிப்பைப் புரிந்துகொள்ள முடியும். மாட்டின் இரைப்பைச் சுவரான ஷாக்கி, ஈரல், நுரையீரல், சிறுநீரகம், குடல், கால், வால் எல்லாம் கலந்தால் அதற்கு அசார்ட்டட் என்று பெயர். விருந்தில் அசார்ட்டட் வைத்தால் அது குறைவாகக் கருதப்படாது. பல வகையும் கிடைத்ததே என்று மகிழ்வார்கள். புக்கா எனப்படும் சிறு உணவகங்களில் களிக்கு ஒரு விலை, இறைச்சியில் துண்டுக்கு ஒரு விலை. வாடிக்கையாளர் பானையைச் சுட்டிக் காட்டி, அந்த ஷாக்கியில் ஒன்று, இந்தக் கறியில் இரண்டு என்று தாமே தேர்ந்தெடுக்கிறார். வீட்டில் அம்மா வைக்கும் பங்கை அங்கே பணப்பை வைக்கிறது.

உள்ளுறுப்புகளைக் காட்டிலும் விரிவாகப் பேச வேண்டியது பொன்மோ எனப்படும் மாட்டுத் தோல். உரித்த தோலின் மயிரை நெருப்பில் பொசுக்கி, சுரண்டி, ஊறவைத்து, மணிக்கணக்காக வேகவைத்தால் அது வழுவழுப்பாகவும் இழுவையாகவும் ஆகிறது. தனக்கென்று பெரிய சுவை இல்லாததால் குழம்பின் காரத்தையும் எண்ணெயையும் முழுதாக வாங்கிக்கொள்கிறது. முதலில் இறைச்சி வாங்க இயலாதவர்களின் துணையாக இருந்தது, பிறகு எல்லாத் தரப்பினரும் விரும்பும் பண்டமாயிற்று. ஓஃபாடா என்ற உள்ளூர் அரிசியோடு பரிமாறும் அயமாசே என்ற பச்சைமிளகாய்க் குழம்பைப் பொன்மோ இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. இதற்கு எதிர்ப்பும் உண்டு. நாட்டில் கிடைக்கும் தோலெல்லாம் வயிற்றுக்குள் போய்விடுவதால் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தோல் கிடைப்பதில்லை என்று கூறி, பொன்மோ உண்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்ற யோசனையை 2022இல் ஜாரியாவில் உள்ள தேசியத் தோல் தொழில்நுட்ப நிறுவனம் முன்வைத்தது. மக்கள் அதைச் சற்றும் ஏற்கவில்லை. தொழிலாளியின் தட்டில் இருக்கும் மலிவான ஒரே துண்டைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது நியாயமாகாது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் மயிரைப் பொசுக்கப் பழைய டயர்களை எரிக்கும் வழக்கம் உண்மையான கேடு. அந்தப் புகையின் நச்சு தோலில் படிகிறது. விறகிலும் எரிவாயுவிலும் பொசுக்கிய தோலுக்கும் டயரில் பொசுக்கிய தோலுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் கண்ணால் அறிவது கடினம். கட்டுப்படுத்த வேண்டியது அதைத்தான்.

இந்த இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதும் குடும்பத்தின் கதையோடு சேர்ந்ததுதான். தெற்கு நைஜீரியா மழைக்காட்டுப் பகுதி. அங்கே செட்சி ஈ கடித்தால் மாடுகளுக்கு டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி நோய் வருகிறது. முதூரு எனப்படும் குட்டை மாட்டினம் அதைத் தாங்கும். ஆனால் அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆகவே பெரும் மந்தைகள் வறண்ட வடக்கிலேயே வளர்ந்தன. வெள்ளை நிறமும் உயர்ந்த கொம்பும் கொண்ட அந்த மாடுகளைப் பெரும்பாலும் ஃபுலானி மேய்ப்பர்கள் வளர்க்கிறார்கள். அவை லாரிகளில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வருகின்றன. லாகோஸ்–இபாதான் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள காரா சந்தை அவை வந்திறங்கும் இடங்களில் ஒன்று. தென்னாட்டுக் குடும்பத்தின் கையருகே வளர்ந்தது நோயைத் தாங்கும் குட்டை ஆடு. அதனால்தான் அங்கே ஆடு வீட்டோடும் சடங்கோடும் நெருக்கமாக இருக்கிறது. மாடு வெளியிலிருந்து வாங்கிவரும் பெரும் செலவாக இருக்கிறது. தெற்கில் ஆட்டைத் தோல் உரிப்பதும் வழக்கமில்லை. மயிரைப் பொசுக்கிச் சுரண்டி, தோலோடு துண்டு போடுகிறார்கள். ஆட்டுக்கறி மிளகு சூப்பில் ஏறும் புகைவாசனை அந்தப் பொசுக்கலில் வந்தது.

வடக்கும் தெற்கும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்திருப்பது அமைதியாக மட்டும் நடப்பதில்லை. மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் இடையே நிலத்துக்காகவும் நீருக்காகவும் நடக்கும் மோதல்களில் ஏராளமானோர் உயிரிழந்திருக்கிறார்கள். 2021 மே மாதம் தென்மாநில ஆளுநர்கள் அசாபா நகரில் கூடித் திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்வதாக அறிவித்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில், இபாதான் நகரின் ஷாஷா சந்தையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, வடநாட்டு உணவுப்பொருள் மற்றும் கால்நடை வணிகர்கள் தெற்குக்குச் சரக்கு அனுப்புவதைச் சில நாட்கள் நிறுத்தினார்கள். உடனே தெற்கில் மாட்டிறைச்சி விலை ஏறியது. நாட்டரசியல் குழம்புக் கிண்ணத்துக்குள் துண்டின் அளவாக வந்து சேர்கிறது.

இப்போது பங்கீட்டுக்கு வரலாம். கோழி அறுத்தால் அதன் தானியம் அரைக்கும் இரைப்பை வீட்டுத் தலைவருக்கு என்பது இக்போ, யொரூபா வீடுகள் பலவற்றில் இன்றும் நிலைக்கும் வழக்கம். ஒரு கோழிக்கு அது ஒன்றே ஒன்று. சிறியது, இறுக்கமானது, மென்று சாப்பிட அருமையானது. அதை அம்மா தனியே எடுத்து வைத்து அப்பாவின் தட்டில் சேர்ப்பார். அது வேறொருவர் தட்டுக்குப் போய்விட்டால் அதைச் சின்னத் தவறாக எடுத்துக்கொள்ளாத வீடுகள் உண்டு. அதன் பேரில் கணவன் மனைவிக்குள் பேச்சு வளர்ந்த சம்பவங்களை நைஜீரியர்கள் கதையாகச் சொல்வார்கள். அன்பான தந்தைகள் அந்த இரைப்பையை இரண்டாகக் கடித்து, பாதியைக் கடைக்குட்டியின் வாயில் ஊட்டுவதும் உண்டு. குடும்பத்தில் யாருக்குச் செல்லம் என்பது அப்படித்தான் வெளியே தெரியும்.

குழந்தைகளுக்கு இறைச்சி கடைசியில்தான். களியையும் குழம்பையும் முடித்த பிறகே துண்டைத் தொட வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். முதலிலேயே கறியைத் தின்றுவிட்டு வெறும் களியோடு உட்காரும் பிள்ளைக்குப் பேராசைக்காரன் என்ற பெயர் வரும். பெரியவர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும், விருந்தினர் தட்டில் கண் வைப்பதும் கண்டிக்கப்படும். பொதுத் தட்டில் கூடிச் சாப்பிட்டால் மூத்தவர் முதலில் துண்டை எடுப்பார், அடுத்து வயது வரிசை. தட்டைக் கழுவும் இளையவருக்குச் சிறிது மிச்சம் வைப்பது மூத்தவரின் கடமை. இவ்வொழுங்கில் பொறுமையும் பகிர்வும் கற்பிக்கப்படுகின்றன என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இறைச்சியும் முட்டையும் அதிகமாகக் கொடுத்தால் பிள்ளை நாக்குருசிக்கு அடிமையாகித் திருடப் பழகிவிடும் என்ற நம்பிக்கை தெற்கின் பல பகுதிகளில் நெடுங்காலம் இருந்தது. வளரும் உடலுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் அதிகம் தேவைப்படும் வயதில் மிகச் சிறிய துண்டு அந்த உடலுக்கே கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதே நிலை. 2018ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, நல்வாழ்வுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நைஜீரியக் குழந்தைகளில் 37 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இதற்கு வறுமையும் தொற்றுநோய்களும் தூய குடிநீர் இன்மையும் பெரிய காரணங்கள். பங்கீட்டு வழக்கத்தின் மேல் மட்டும் பழி போட இயலாது. ஆனால் இருக்கும் மூன்று துண்டுகளில் பெரியது யாருக்கு என்பதைக் குடும்பமே முடிவு செய்கிறது. இளம் தாய்மார் பலர் இன்று பிள்ளையின் தட்டில் முட்டையை முதலில் வைக்கிறார்கள். மாமியார் முகம் சுளித்தாலும் வைக்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

வீட்டுக்கு வெளியே, உறவுக்கூட்டம் கூடும் இடத்தில், பங்கீடு எழுதப்படாத சட்டமாகவே ஆகிவிடுகிறது. இக்போ ஊர்களில் இறப்புச் சடங்குக்கோ பட்டமேற்புக்கோ மாடு அறுத்தால், எந்த உறுப்பு யாருக்கு என்பது ஊர் அறிந்த ஒன்று. உமுன்னா எனப்படும் தந்தைவழி உறவினருக்கு ஒரு பங்கு, அவர்களுள் மூத்தவருக்கு அவர் உரிமையாகக் கேட்டுப் பெறும் பாகம், பிறந்த வீட்டை விட்டு மணம் முடித்துப் போன மகள்களாகிய உமுஅடாவுக்குப் பல ஊர்களில் இடுப்புப் பகுதி என்று அது செல்லும். ஊருக்கு ஊர் விவரம் மாறும். மாறாதது, கணக்குத் தவறினால் அது அவமதிப்பு என்பது. மணமாகி வேற்றூரில் முப்பது ஆண்டு வாழ்ந்த மகளுக்கும் தந்தை வீட்டில் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த இடுப்புக்கறி எல்லார் முன்னிலையிலும் உறுதி செய்கிறது. திருமணப் பேச்சிலும் இறைச்சி பேசப்படும். பெண் வீட்டார் தரும் நீண்ட பட்டியலில் கிழங்கு, பாமாயில், பானங்கள் இவற்றோடு ஆடும் இடம்பெறும்.

ஹவுசா குடும்பங்களில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர்சூட்டு விழாவில் செம்மறிக் கிடா அறுத்துச் சுற்றத்தாருக்குப் பகிர்கிறார்கள். ஆனால் ஆண்டின் பெரிய இறைச்சி நாள், வடக்கில் பெரிய சல்லா என்றும் யொரூபா நாட்டில் இலேயா என்றும் அழைக்கப்படும் பக்ரீத் பெருநாள். சில வாரங்கள் முன்னதாகவே தெருக்களில் கிடாக்கள் கட்டியிருக்கும். பிள்ளைகள் தங்கள் கிடாவுக்குப் பெயர் வைத்து இலை ஊட்டுவார்கள். அறுத்த இறைச்சி வீட்டுக்கு, உறவுக்கும் நட்புக்கும், ஏழைகளுக்கு என்று பிரிகிறது. யொரூபா குடும்பங்களில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் கிறித்தவர் என்பது சாதாரணம். ஆதலால் இலேயா கறி கிறித்தவர் வீட்டுக்கும், கிறிஸ்துமஸ் சோறும் கோழியும் முஸ்லிம் வீட்டுக்கும் மூடிய பாத்திரங்களில் போய் வருகின்றன. வடக்கில் மிஞ்சிய இறைச்சியை வேகவைத்து, உரலில் நார்நாராக இடித்து, மசாலாவோடு வறுத்துத் தம்புன் நாமா செய்து வைப்பார்கள். அது குளிர்பதனம் இன்றியே வாரக்கணக்கில் கெடாது.

மேலே சொன்ன அன்றாடச் சமையல் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. நெருப்பில் சுடும் இறைச்சி ஆண்கள் கைக்குப் போகிறது. சுயாக்காரர் அநேகமாக ஹவுசா ஆண். மெல்லிய ஏடுகளாகச் சீவிய மாட்டிறைச்சியைக் குச்சியில் கோத்து, எண்ணெய் பிழிந்த நிலக்கடலைப் பிண்ணாக்கின் பொடி, இஞ்சி, மிளகாய், உப்பு சேர்ந்த யாஜி பொடியில் புரட்டி, மாலையிலிருந்து நள்ளிரவுவரை கனலில் சுடுகிறார். கேட்ட அளவுக்கு வெட்டி, பச்சை வெங்காயமும் தக்காளியும் நறுக்கிப் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் யாஜி தூவி, செய்தித்தாளில் மடித்துத் தருகிறார். வேலை முடிந்து வரும் தந்தை அந்தப் பொட்டலத்தோடு வாசலில் நுழைந்தால், தூங்கப்போன பிள்ளைகளும் எழுந்து வந்துவிடுவார்கள். பானையில் எண்ணி வைத்த துண்டுக்கு உள்ள கண்டிப்பு சுயாவுக்கு இல்லை. பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துத் தின்கிறார்கள்.

இக்போ ஆண்கள் நண்பர்களோடு கூடி உண்ணும் ங்க்வோபி இன்னொரு வகை. வெந்த மாட்டுக்கால் துண்டுகளில் செய்யும் அதன் சிறப்பே அவற்றைப் புரட்டும் கலவைதான். ஆகான்வு என்ற காரத்தன்மையுள்ள உப்புக்கல்லை நீரில் கரைத்து வடிகட்டி, சிவந்த பாமாயிலில் சிறிது சிறிதாக விட்டுக் கிளறினால், எண்ணெய் கண்ணெதிரே நிறம் மாறி, மஞ்சள் நிறத்தில் கெட்டியாகத் திரளும். அதில் வறுத்துப் பொடித்த எஹுரு என்ற நறுமண விதையும் மிளகாயும் சேர்த்து, சூடான கால் துண்டுகளைப் புரட்டி, மரக் கிண்ணத்தில் வைத்து, கசப்பான உதாசி இலையை நூலாக அரிந்து வெங்காய வளையங்களோடு மேலே தூவுகிறார்கள். ஆட்டுத் தலையில் இதே முறையில் செய்வது இசி எவு. பாமாயிலின் கொழுப்பை அந்தக் கசப்பு இலை வெட்டிக் கொடுக்கும் விதம், எனக்கு நைஜீரியச் சமையலிலேயே மிக நுட்பமானதாகத் தோன்றுகிறது.

இவ்வளவு இறைச்சிப் பெயர்களைக் கேட்டபின், நைஜீரியர்கள் நிறைய இறைச்சி உண்பவர்கள் என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குகளின்படி, அங்கே ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் இறைச்சி பத்துக் கிலோவுக்கும் குறைவு. உலகச் சராசரி அதைப்போலப் பல மடங்கு. துண்டுகளை எண்ணுவதற்கும், தோலையும் குடலையும் வீணாக்காமல் சமைப்பதற்கும், சாறு முழுவதையும் குழம்பில் சேர்ப்பதற்கும் இந்தப் பற்றாக்குறையே அடிப்படை.

2023 மே மாத இறுதியில் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டு, அடுத்த மாதம் நாட்டு நாணயமான நைராவின் மாற்று மதிப்பு சந்தையிடம் விடப்பட்டபின், லாரிக் கட்டணமும் தீவன விலையும் சேர்ந்து இறைச்சி விலையை ஏற்றின. 2024 ஜூனில் உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கியவர்கள் இத்தனை நைராவுக்கு என்று சொல்லி வாங்கும் நிலைக்கு வந்தார்கள். கசாப்புக்காரர்கள் துண்டைச் சிறிதாக்கினார்கள். மாட்டிறைச்சி இருந்த இடத்தில் பொன்மோவும், பொன்மோ இருந்த இடத்தில் கூனிறால் பொடியும், சில நாட்களில் வெறும் பயறும் வந்தன. பெருநாளுக்குத் தனியே கிடா வாங்கிய குடும்பங்களில் பல இப்போது அண்ணன் தம்பிகளோ அண்டை வீட்டாரோ சேர்ந்து ஒரு மாட்டை வாங்குகின்றன. மாதாமாதம் சிறு தொகை கட்டி, டிசம்பரில் ஒரு மாட்டைப் பொதுவில் அறுத்துப் பிரித்துக்கொள்ளும் கூட்டுகள் அலுவலகங்களிலும் தேவாலயங்களிலும் குடியிருப்புகளிலும் இயங்குகின்றன. பிரிக்கும் நாளன்று தரையில் இலையோ தார்ப்பாயோ விரித்து, கறி, எலும்பு, ஈரல், ஷாக்கி, தோல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமமான குவியல்களாக வைக்கிறார்கள். எல்லாரும் சுற்றி நின்று குவியல்கள் ஒத்திருப்பதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள்.